கெத்துக்கு ஓர் எண்

2017 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. ஓர் உயர்நிலைப் பள்ளியின் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து வரிசையாக ஃபாலோ வருகிறது. கணக்கில் அவர்கள் பள்ளியின் பெயர் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் பூட்டு. "நம்ம பள்ளிக்குப் புது ஆப் வருது, காத்திருங்க" என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் வெளியே தெரிகிறது. யார் இது, நம்மை எதற்குப் பின்தொடர்கிறார்கள்? பதினைந்து வயதில் இதற்கு விடை தெரியாமல் தூக்கம் வராது. எல்லாரும் பதிலுக்கு ஃபாலோ கேட்டு வைக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை. அடுத்த நாள் மாலை 4 மணி, பள்ளி விடும் நேரம். பூட்டு திறக்கிறது. கேட்டு வைத்திருந்த அத்தனை பேருடைய கைப்பேசியும் ஒரே நொடியில் சிணுங்குகிறது. உள்ளே போனால் ஆப்பை இறக்கிக்கொள்வதற்கான இணைப்பு.

அந்த ஆப்பின் பெயர் டிபிஎச். 'உண்மையைச் சொன்னா' என்ற பொருளில் அமெரிக்கப் பிள்ளைகள் பேச்சுக்கு நடுவே போட்டுக்கொள்ளும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். பள்ளி பள்ளியாகப் பரவ அவர்கள் கையாண்ட இந்த 4 மணி உத்தி, ஓராண்டு கழித்து ஃபேஸ்புக்கின் உள்குறிப்பு ஒன்றை பஸ்ஃபீட் செய்தித்தளம் வெளியிட்டபோதுதான் வெளியே தெரிந்தது. ஆப்பில் பெரிய நுட்பம் எதுவும் கிடையாது. ஒரு கேள்வி வரும்: யாருடைய சிரிப்பு அழகு, யார் பெரிய ஆளாக வருவார், இப்படி. கீழே உங்கள் பள்ளியில் படிக்கும் நான்கு பேரின் பெயர்கள். ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தேர்வானவருக்கு ஒரு ரத்தினக்கல் படம் போய்ச் சேரும். தேர்ந்தெடுத்தது யார் என்று தெரியாது. ஒரு பையன் அல்லது ஒரு பெண், இன்ன வகுப்பு என்பதோடு சரி. நல்லதாகச் சொல்லும் கேள்விகள் மட்டும்தான் இருக்கும். யாரும் சொந்தமாக எதையும் எழுத முடியாது.

ஒன்பது வாரத்தில் 50 லட்சம் பதிவிறக்கம். தினமும் 25 லட்சம் பேர். அக்டோபரில் ஃபேஸ்புக் அதை விலைக்கு வாங்கியது. அடுத்த ஜூலையில், பயன்படுத்த ஆள் இல்லை என்று மூடப்போவதாக அறிவித்தது.

ஏறியதும் விழுந்ததும் ஓராண்டுக்குள். ஆனால் பள்ளியில் 'பிரபலம்' என்பது எப்படி நடக்கிறது என்பதை அந்த ஆப்பை எழுதியவர்கள் புரிந்து வைத்திருந்த அளவுக்கு எந்தத் தலைமை ஆசிரியரும் புரிந்து வைத்திருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உலகத்தில் பத்து லட்சம் பேருக்குத் தெரிந்தவராக இருந்து என்ன பயன்? அந்த ஒரு கட்டடத்தில், அந்த ஆயிரம் பேருக்கு முன்னால் யார் என்பதுதான் கணக்கு. அதற்கு ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் 4 மணி.

எல்லாருக்கும் பிடித்தவன் வேறு, கெத்தானவன் வேறு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, நான்கு ஆண்டுகள். நம் ஊர்போல ஒரே பெஞ்சில் ஆண்டு முழுக்க உட்காருவது அங்கே இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்கள்தான் அறை மாறுவார்கள். கூட உட்காருகிறவர்களும் மாறுவார்கள். மதியம் உணவுக்கூடத்தில் தட்டோடு நிற்கும்போது எந்த மேசைக்குப் போவது என்பதை அவரவரே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தப் பத்து விநாடி நடையில் ஒரு பிள்ளையின் நிலவரம் ஊருக்கே தெரிந்துவிடும். இது போதாது என்று பள்ளியே தேர்தல் வைத்து விழா ராஜா, ராணி என்று முடிசூட்டும். ஆண்டு மலரில் 'பெரிய ஆளாக வரப்போகிறவர்' என்று வாக்கெடுத்துப் படம் போடும். டிபிஎச் கேட்ட கேள்விகளும் அந்த ஆண்டு மலர் வகைதான்.

இதையெல்லாம் முறையாக ஆராய்ந்த முதல் ஆட்களில் ஒருவர் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன். 1950-களின் பின்பாதியில் இல்லினாய் மாநிலத்தின் 10 உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளிடம் கேட்டார்: பள்ளியை விட்டுப் போனபின் உன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? நன்றாகப் படித்தவன் என்றா, விளையாட்டு வீரன் என்றா, எல்லாருக்கும் தெரிந்தவன் என்றா? பையன்களில் அதிகம் பேர் விளையாட்டு வீரன் என்றார்கள். 1961-ல் அவர் வெளியிட்ட முடிவுகள் பெரியவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான்: பள்ளிக்குள் பிள்ளைகளுக்கென்று தனி நாணயம் ஒன்று ஓடுகிறது, ஆசிரியர் போடும் மதிப்பெண் அங்கே செல்லாது. முன்வரிசைக் கும்பலில் சேர என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நல்ல குணம், நல்ல துணிமணி என்பவற்றோடு கார் என்றும் பையன்கள் சொல்லியிருந்தார்கள். தொழில்நுட்பத்தை வைத்துப் பெயர் வாங்கப் பார்ப்பது கைப்பேசியோடு வந்த வியாதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உளவியலாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். வகுப்பில் உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். 1982-ல் கோயி, டாட்ஜ், கோப்போட்டெலி ஆகியோர் இப்படிக் கேட்டுப் பிள்ளைகளைப் பிரித்தபோது விசித்திரமான ஒரு வகையும் கிடைத்தது: நிறையப் பேருக்குப் பிடித்த, அதே அளவு நிறையப் பேருக்குப் பிடிக்காத பிள்ளைகள். பிறகு 1990-களின் இறுதியில் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். யாரைப் பிடிக்கும் என்பதை விட்டு, யார் பிரபலம் என்று. வந்த பட்டியல் வேறு. 'இவர்தான் பிரபலம்' என்று எல்லாரும் கைகாட்டியவர்களில் பலரைத் தனிப்பட்ட முறையில் அவ்வளவாக யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் அங்கே இது ஒரு கண்டுபிடிப்பாக ஆனது. நம் ஊர்ப் பையன்களைக் கேட்டால் ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பார்கள். 'அவன் நல்லவன்டா' என்பது ஒன்று. 'அவன் கெத்துடா' என்பது இன்னொன்று. ஒருவனிடம் இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒன்று இன்னொன்றாக ஆகாது. நோட்டைக் கேட்டால் யோசிக்காமல் தருகிறவன் முதல் வகை. பேருந்தில் கடைசி வரிசை யாருக்காகக் காலியாக விடப்படுகிறதோ, அவன் இரண்டாம் வகை.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஆலன், 184 பிள்ளைகளை 13 வயதிலிருந்து 23 வரை பின்தொடர்ந்து பார்த்து 2014-ல் எழுதினார். பதின்மூன்றிலேயே காதல், சின்னச் சின்ன அத்துமீறல்கள், அழகான நண்பர் கூட்டம் என்று கெத்தாக இருந்தவர்கள் முதலில் பிரபலமாகத்தான் இருந்தார்கள். போகப்போக அது கரைந்தது. இருபத்து மூன்றில் குடி, போதை, நட்பில் சிக்கல் என்று மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய் 'கெத்து நிலைக்காதுப்பா' என்று சொல்லிப் பாருங்கள். கேட்காது. அந்தக் கட்டடத்துக்குள் நான்கு ஆண்டு என்பது ஒரு யுகம்.

புது ஸ்கூலில் இரண்டு பேர்

2005 வசந்த விடுமுறை. நியூ ஜெர்சியில் ஸ்கில்மன் என்ற ஊரில் கேத்தரின் குக், டேவ் குக் என்று அக்கம்பக்க வயதில் ஒரு தங்கையும் அண்ணனும். புதிதாகப் பள்ளி மாறி வந்தவர்கள். யாரையும் தெரியாது. ஆண்டு மலரைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், வரிசை வரிசையாகச் சின்னப் படம், கீழே பெயர். படமும் யாருக்கும் நன்றாக விழவில்லை. அந்த முகத்துக்குரியவன் எப்படிப்பட்டவன் என்று எதுவும் தெரியவில்லை. இதை இணையத்தில் வைத்தால் என்ன என்று தோன்றியது. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தை நடத்தி அனுபவப்பட்ட மூத்த அண்ணன் ஜெஃப் 2,50,000 டாலர் போட்டார். மைஇயர்புக் பிறந்தது.

புதுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2011-ல், அந்தத் தளம் 10 கோடி டாலருக்குக் கைமாறியது. இருவரும் அதற்குள் பள்ளியைத் தாண்டிவிட்டார்கள்.

அதே 2005-ல் செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் கதவை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்தது. ஆனால் அந்த நாளில் பிள்ளைகள் கூடும் திண்ணை மைஸ்பேஸ்தான். அங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் எட்டு நண்பர்களின் படம், ஒன்றிலிருந்து எட்டு வரை நாமே வரிசைப்படுத்தி, ஊரே பார்க்கும்படி. நேற்று மூன்றாவதாக இருந்தவள் இன்று ஆறாவது என்றால் காலையில் பள்ளியில் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். எங்கள் பிளஸ் டூ கடைசி மாதத்தில் ஸ்லாம் புக் சுற்றியது நினைவுக்கு வருகிறது. 'உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் யார்' என்ற இடத்தில் எவன் எவன் என் பெயரை எழுதியிருக்கிறான் என்று நோட்டு நோட்டாகப் புரட்டியிருக்கிறேன். நான் எழுதிய ஒருவன் என்னை எழுதவில்லை. யார் என்று இன்றைக்கும் சொல்வேன், இங்கே வேண்டாம். ஆனால் அந்த நோட்டு நாற்பது பேரோடு நின்றது. மாதக் கடைசியில் பரணுக்குப் போனது. மைஸ்பேஸ் வரிசை தினமும் திறந்திருந்த ஸ்லாம் புக்.

இந்த இடத்தில் சாமி கம்கரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த 19 வயது இளைஞர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், நிரல் எழுதுவதில் கெட்டிக்காரர். 2005 அக்டோபர் 4 அன்று தன் மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு சின்ன நிரலை ஒளித்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவரிடமிருந்து தானாகவே அவருக்கு ஒரு நட்புக் கோரிக்கை போய்விடும். 'எல்லாருக்கும் மேலாக, சாமிதான் என் ஹீரோ' என்ற வரி பார்த்தவரின் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவருக்கும் அதே கதி. தொடங்கும்போது அவருக்கு 73 நண்பர்கள். இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டிப்போய், மைஸ்பேஸ் தளத்தையே நிறுத்தி வைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பின்னாளில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சமூகப் பணியும் கணினியைத் தொடக் கட்டுப்பாடும் தண்டனையாகக் கிடைத்தன.  பத்து லட்சம் பேர் சேர்ந்தும் அதில் ஒருவர்கூட அவரைத் தேடி வந்தவர் இல்லை. ஆனாலும் அந்த எண் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நெருப்பும் மணற்கடிகையும்

ஸ்னாப்சாட் 2011-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. முதலில் யாரும் சீண்டவில்லை. நிறுவனர்களில் ஒருவரான இவான் ஸ்பீகலின் அம்மா, கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் பள்ளியில் படித்த உறவுக்காரப் பெண்ணிடம் இதைச் சொல்லி வைக்க, அந்தப் பள்ளி முழுக்கப் பரவியது. அங்கே பள்ளியே எல்லாருக்கும் ஐபேட் கொடுத்திருந்தது. ஃபேஸ்புக்கை மட்டும் அடைத்து வைத்திருந்தது. பார்த்ததும் அழிந்துவிடும் படம், வகுப்பில் துண்டுச் சீட்டு அனுப்புகிற மாதிரி. நிறுவனத்தின் கணக்கில் பயன்பாடு உச்சத்துக்குப் போனது காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை. பாடம் நடக்கும் நேரம்!

அழிந்துபோகும் படத்தில் கெத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். லைக் இல்லை, பின்னூட்டம் இல்லை. ஆனால் எண் வேறு பக்கத்திலிருந்து நுழைந்தது. தொடக்கத்தில் ஒருவர் யாரோடு அதிகம் பேசுகிறார் என்று முதல் சில பெயர்களை ஸ்னாப்சாட் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. தன் காதலன் பட்டியலில் வேறொருத்தி பெயர் ஏறியிருக்கிறது என்று எத்தனை வீட்டில் அழுகை நடந்திருக்கும்! 2015 ஜனவரியில் பட்டியலை மறைத்தார்கள். ஏப்ரலில் அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஈமோஜிகள் வந்தன, நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி. இருவரும் ஒருவருக்கொருவர் முதல் இடத்தில் இருந்தால் மஞ்சள் இதயம். ஒருதலையான நட்புக்கும் ஓர் அடையாளம் இருந்தது: அவர் உங்களோடுதான் அதிகம் பேசுகிறார், நீங்கள் அவரோடு அப்படியில்லை என்றால், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாகச் சிரிக்கும் ஒரு முகம். நட்பில் யாருக்கு யார் அதிகம் தேவை என்பதை ஈமோஜியாக்கிய அந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு வந்ததுதான் ஸ்ட்ரீக். இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்ப வேண்டும். மூன்று நாள் விடாமல் நடந்தால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பும் நாள் கணக்கும். நேரம் முடியப்போகிறது என்றால் மணற்கடிகை. ஒரு நாள் விட்டால் நெருப்பு அணைந்து கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் உண்மையில் என்ன அனுப்புகிறார்கள் என்று பார்த்தால், விட்டத்தின் படம், போர்வையின் படம், விரலால் கேமராவை மூடிய கறுப்புப் படம், மேலே ஓர் ஆங்கில 'எஸ்'. செய்தி என்று எதுவும் இல்லை. இன்றைக்குக் கணக்குக்கு வந்தாயிற்று, அவ்வளவுதான். குடும்பத்தோடு சுற்றுலா போகும்போது சிக்னல் கிடைக்காது என்று தோழியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதுபோல.

காசு கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று கிடைத்தது. 2022-ல் மாதம் 3.99 டாலர் சந்தாவாக வந்த ஸ்னாப்சாட் பிளஸில் ஒரு சூரிய மண்டலம். உங்கள் நண்பர் சூரியன். அவருடைய நெருக்க வரிசையில் நீங்கள் எத்தனையாவது என்பதற்கு ஏற்ப நீங்கள் ஒரு கோள். புதன் என்றால் முதலிடம். நெப்டியூன் என்றால் எட்டாவது. பிள்ளைகள் இதைப் பார்த்து நொந்துபோவதைப் பற்றி 2024 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. சில நாளிலேயே அந்த வசதியை, கேட்டால்தான் வரும் என்று மாற்றினார்கள். எடுத்துவிடவில்லை. கேட்பவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

எண்ணை மறைத்தால்

இன்ஸ்டாகிராமில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. படம் போடுவது, முதல் அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் இருப்பது, லைக் போதவில்லை என்றால் யாரும் கவனிப்பதற்குள் அழித்துவிடுவது. 2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மனும் குழுவினரும் 32 பதின்வயதினரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இன்ஸ்டாகிராம் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆராய்ச்சியாளர்களே இட்டுக்கட்டி வைத்திருந்தார்கள். தன் படத்துக்கு நிறைய லைக் என்று பார்த்தபோது மூளையில் பரிசு கிடைத்தால் விழிக்கும் பகுதி விழித்தது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி: ஒரே படம், அதிக லைக் காட்டினால் அதிகம் பேர் லைக் போட்டார்கள், குறைவாகக் காட்டினால் குறைவாகப் போட்டார்கள். புகையும் மதுவும் இருந்த படங்களுக்கும் அப்படித்தான். எண் என்பது ரசனையின் விளைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே ரசனைதான் எண்ணுக்குப் பின்னால் நடந்து வந்தது.

சரி, எண்ணை மறைத்துவிட்டால்? 2019-ல் கனடாவில் தொடங்கி இன்ஸ்டாகிராம் அதைச் செய்து பார்த்தது. உள்ளே அந்தத் திட்டத்துக்கு டெய்ஸி என்று பெயர். இதழ் இதழாகப் பிய்த்து 'பிடிக்கும், பிடிக்காது' என்று எண்ணுவார்களே, அந்தப் பூ. 2021 மே மாதத்தில் முடிவு வந்தது: வேண்டுகிறவர்கள் மறைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மறைத்ததால் பிள்ளைகளின் மனநிலையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று அவர்களுடைய சொந்த ஆய்வே சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியே வந்த உள்ஆவணங்களில் அதுவும் இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. 2017-ல் நம் அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. பட்டியல் போனது. ஆனால் முடிவு வந்த அன்று சொந்தக்காரர்களின் போன் நின்றதா? 'எவ்வளவுப்பா?' என்று கேட்பவர்களுக்கு அரசாணை எதுவும் தடையாக இல்லை. இன்ஸ்டாகிராமிலும் அதேதான். லைக்கை மறைத்தால் பின்னூட்டத்தை எண்ணுவார்கள். அதையும் மூடினால், எத்தனை பேர் இவரைப் பின்தொடர்கிறார்கள், இவர் எத்தனை பேரைப் பின்தொடர்கிறார் என்று வகுத்துப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு முன்பே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு இரண்டு கணக்கு. ஒன்று ஊருக்கு: தேர்ந்தெடுத்த படம், நல்ல வெளிச்சம். இன்னொன்று பத்து இருபது பேருக்கு மட்டும்: அழுமூஞ்சி, வழிசல், வீட்டுச் சண்டை. இதற்கு ஃபின்ஸ்டா என்று பெயர், போலி இன்ஸ்டாகிராம் என்பதன் சுருக்கம். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் போலி என்று சொன்ன கணக்கில்தான் உண்மை இருந்தது. உளவியலாளர்கள் பல ஆண்டு கேள்வித்தாள் வைத்துப் பிரித்ததை, கெத்துக்கு ஒரு கணக்கு, பிரியத்துக்கு ஒரு கணக்கு என்று இவர்கள் கைப்பேசியிலேயே பிரித்துவிட்டார்கள். 2018-ல் இன்ஸ்டாகிராம் அதையே எடுத்து 'நெருங்கிய நண்பர்கள்' என்று ஒரு வசதியாக்கியது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் பச்சை வளையம் தெரியும். அப்புறம் என்ன, யாருடைய பட்டியலில் யார் இருக்கிறார் என்பதே கெத்தாயிற்று.

டிபிஎச்சை எழுதியவர்களில் முதன்மையானவரான நிகிதா பியர், 2022-ல் அதே சரக்கை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார். பெயர் கேஸ். அதே நான்கு பெயர், அதே பாராட்டுக் கேள்வி. ரத்தினக்கல்லுக்குப் பதில் தீச்சுடர். அக்டோபரில் அமெரிக்க ஆப் ஸ்டோரில் டிக்டாக்கையும் தாண்டி முதலிடம். ஆள் கடத்துகிறவர்களின் ஆப் என்று ஆதாரமில்லாத ஒரு வதந்தி பரவி, நிறையப் பிள்ளைகள் பயந்து விலகினார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இந்த முறை வாரத்துக்கு 6.99 டாலர் கட்டினால், உங்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று குறிப்பு கிடைக்கும். பெயரின் முதல் எழுத்து, அந்த மாதிரி. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிவது இலவசம். அந்த ஒருத்திக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்குத்தான் விலை. 2023 ஜனவரியில் டிஸ்கார்டு நிறுவனம் அதை வாங்கியது, நவம்பரில் மூடியது. இந்த ஆப்கள் நீடிக்காததற்குக் காரணம் கேள்விகளிலேயே இருக்கிறது. இருபது முறை 'சிரிப்பு அழகு' என்று வந்தபின் இருபத்தோராவது முறை யாருக்கும் புல்லரிக்காது. பெயர் வராதவர்கள் அதற்கு முன்பே போயிருப்பார்கள்.

பாராட்டு மட்டும் என்று கட்டுப்பாடு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யிக் யாக் இருக்கிறது. சில மைல் சுற்றளவில் இருப்பவர்கள் பெயர் போடாமல் எதையும் எழுதலாம். 2013 கடைசியில் வந்தது. பள்ளிகளில் வசைச் சுவராக மாறி, 2014 மார்ச்சிலேயே பள்ளிக் கட்டடங்களுக்குள் ஆப் வேலை செய்யாதபடி நிறுவனமே வேலி போட வேண்டியிருந்தது.

பச்சைக் குமிழி

ஆப்பே இல்லாமல், கையில் இருக்கும் கருவியாலேயே கெத்து தீர்மானமாகும் கதை ஒன்றும் இருக்கிறது. நம்மவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆகும், நாம் வாட்ஸாப்புக்காரர்கள். அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஐபோனில் கூடவே வரும் ஐமெசேஜ்தான் அதிகம். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போனால் செய்தி நீலக் குமிழியில் வரும். நடுவில் ஓர் ஆண்ட்ராய்டு வந்தால் பச்சை. நிறத்தோடு நின்றால் பரவாயில்லை. 2024 வரை, பச்சைக்காரர் ஒருவர் குழுவில் சேர்ந்தால் மொத்தக் குழுவும் பழைய எஸ்எம்எஸ் பாதைக்கு இறங்கிவிடும். வீடியோ கலங்கலாக வரும். எதிரில் இருப்பவர் தட்டிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாது. பெயர் மாற்றுவது, ஆளை நீக்குவது எதுவும் ஒழுங்காக நடக்காது. அதனால் கூட்டாளிகள் செய்வது எளிது: அவனை விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்குவது. சனிக்கிழமை எங்கே கூடுகிறோம் என்பது அந்தக் குழுவில்தான் பேசப்படும்.

யாரும் அவனை ஒதுக்க வேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. வீடியோ கலங்கலாக வருகிறது, அதுதான் காரணம் என்பார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த போனில் பிள்ளையின் மதிய உணவு மேசை முடிவாகிறது. கோல்மன் கேட்டபோது பையன்கள் கார் என்று சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கின் மனுவிலேயே இந்தக் குமிழி விவகாரம் வருகிறது. பதின்வயதினரிடம் இந்த அழுத்தம் கூடுதல் என்றும், அவர்களில் 85 சதவீதம் பேர் வைத்திருப்பது ஐபோன் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்வதாகவும் அரசு வழக்கறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் மென்பொருளைப் புதுப்பித்தது. ஆண்ட்ராய்டிலிருந்து வரும் வீடியோ இப்போது தெளிவாக இருக்கிறது. எதிரில் தட்டிக்கொண்டிருப்பதும் தெரிகிறது. குமிழியை மட்டும் பச்சையாகவே விட்டுவிட்டார்கள்.